நாற்பத்தொரு டப்பா மண்

"என்ன எழுதியிருக்கு? சத்தமா படி, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் மாமியார்.

மருமகள் பழுப்பு உறையைக் கிழித்துத் தாளை வெளியே எடுத்துவிட்டாள். படிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. ஆனாலும் வாயைத் திறக்காமல் அந்த வரியையே முறைத்துக்கொண்டு நின்றாள். மாமியார் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் கையில் சீப்போடு சமையலறைக் கதவருகே நின்றாள். கணவன் வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"பதினெட்டாம்" என்றாள் கடைசியில்.

"பதினெட்டுன்னா நல்லதா, கெட்டதா?"

"நானூறைத் தாண்டினாத்தான் மோசம். நம்ம கொல்லை மண்ணுல ஈயம் வெறும் பதினெட்டுதானாம். பாதுகாப்பான வீடுன்னு முத்திரை குத்தி சர்டிபிகேட்டும் வச்சிருக்காங்க."

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தாங்க" என்று மாமியார் எழுந்து வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் முத்திரையை மட்டும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "வியாழக்கிழமை என் பொண்ணைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரும்போது இதைத்தான் முதல்ல கேப்பாங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மருமகளான டெய்லரக்காவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மருமகளாக வந்து, முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தெருவுக்கே துணி தைத்துக் கொடுப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அந்த வீட்டுக் கொல்லையில் பதினெட்டா? யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

அவள் ஏன் நம்பவில்லை என்பதற்குத் தெருவின் கதையைச் சொல்ல வேண்டும். இருபது வருஷம் வீட்டுக்கு வீடு பழைய பேட்டரி உடைத்த தெரு அது. செத்த பேட்டரிகள் லாரி லாரியாக வந்து இறங்கும். கொல்லையில் போட்டுச் சுத்தியலால் பிளப்பார்கள். உள்ளே இருக்கும் அமிலத்தை மண்ணிலேயே கவிழ்ப்பார்கள். ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கிக் கட்டியாக்கிக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அவள் மாமனார் அந்த வேலையில்தான் வீடு கட்டினார். அந்த வேலையில்தான் கை நடுங்கி, நினைவு தடுமாறி, ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்தார். தொழிலுக்குத் தடை வந்து பத்து வருஷமாகிறது. சட்டியும் போய்விட்டது, புகையும் போய்விட்டது. ஈயம் மட்டும் எங்கே போகும்? போட்ட இடத்தில் அப்படியே கிடக்கிறது.

அந்த மண்ணில்தான் அவள் மகள் குட்டி விளையாடுகிறது. நாலு வயது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசத் திணறுகிறது. நல்லபடி விளையாடிக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடும். கன்னம் வெளுத்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: "இது ஈயத்தோட வேலை மாதிரி தெரியுதும்மா. மருந்து இருக்கு. ஆனா மண்ணை மாத்தாம மருந்து குடுத்தா, ஒரு பக்கம் இறைச்சு ஒரு பக்கம் ஊத்தற கதைதான்."

அந்த நேரத்தில்தான் மண் மாற்றும் திட்டம் வந்தது. கொல்லை மண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். ஈயம் மிஞ்சியிருந்தால் ஒரு அடி ஆழத்துக்கு வழித்து எடுத்துக்கொண்டு போய், நல்ல மண்ணைக் கொட்டி மூடித் தருவார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு வைத்தியமும் அவர்கள் பொறுப்பு. வேலை முடியும்வரை அடையாளத்துக்கு முன்சுவரில் மஞ்சள் வட்டம் ஒன்று போட்டு வைப்பார்கள். அவ்வளவுதான்.

அந்த மஞ்சள் வட்டம்தான் வினையாகப் போனது. முதலில் வட்டம் விழுந்தது பக்கத்துத் தெருவில். ஒரே மாதத்தில் அங்கே பேசி முடித்திருந்த மூன்று கல்யாணங்கள் நின்றுபோயின. 'மஞ்சள் வீட்டுப் பெண்' என்று ஒரு பெயர் கிளம்பியது. மஞ்சள் வீட்டுப் பெண் பெற்றால் மந்தப் பிள்ளைதான் பிறக்கும் என்று ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். அதே வீட்டில், அதே புகையைக் குடித்து வளர்ந்த மஞ்சள் வீட்டு மாப்பிள்ளைகளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அவர்களுக்கெல்லாம் ஜாம்ஜாமென்று கல்யாணம் நடந்தது.

அடுத்தது டெய்லரக்காவின் தெரு. ஆபீசில் ஆள் போதவில்லை என்பதால் டப்பாக்களைத் தெருவிலேயே கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி பொறுப்பெடுக்க வேண்டும் என்றதும் அவள் முந்திக்கொண்டு கையைத் தூக்கினாள். நாற்பத்தொரு வீடு. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் போய் நின்று, பிள்ளைகள் விளையாடும் இடமாகப் பார்த்து, நாலு விரல் ஆழம் தோண்டி, ஐந்து இடத்து மண்ணைக் கலந்து, டப்பாவில் அடைத்து, வீட்டு எண் எழுதி ஒட்டினாள். எதிர்வீட்டுப் பால்காரம்மா டீ போட்டுக் கொடுத்தாள். "உன்னை மாதிரி ஒருத்தி இருக்கறதாலதான் இந்தத் தெருவுக்கு விடிவு" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

"நாப்பத்தொரு டப்பாவை நீ எப்படித் தூக்கிட்டுப் போவே? என் வண்டியில ஏத்து. நானே குடுத்துட்டு வர்றேன்" என்றான் கணவன். சுமை வண்டி ஓட்டுகிறவன். வீட்டு வேலை என்றால் இருக்கிற இடம் தெரியாமல் நழுவுகிறவன். இந்த மனுஷனுக்கும் பெற்ற பெண்மேல் அக்கறை வந்துவிட்டதே என்று அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு அவனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், பாவம்.

கடிதம் வந்த மறுநாள் காலையில் அவள் திட்ட ஆபீசுக்குப் போனாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. ஒன்றில் மண் ஆபீசர் என்று எல்லோரும் கூப்பிடும் நரைத்த மீசைக்காரர். இன்னொன்றில் ரத்தம் எடுக்கும் நர்ஸ்.

"எங்க தெரு லிஸ்ட்டை ஒரு தடவை பார்க்கலாமா சார்?"

அவர் தயங்கிவிட்டுத்தான் கொடுத்தார். அவள் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். பதினெட்டு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு. நாற்பத்தொரு வரியும் அப்படித்தான். சட்டி வைத்து உருக்கிய வீடும் பதினெட்டு. பேட்டரியைக் கையாலும் தொடாத வாத்தியார் வீடும் பதினெட்டு.

"சார், நாப்பத்தொரு வீட்டு மண்ணும் இப்படி அச்சடிச்ச மாதிரி இருக்குமா?"

"இருக்காது" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"பதினெட்டு வருஷமா மண்ணைத்தான் பார்த்துட்டு இருக்கேன். உங்க தெரு டப்பாவைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவ்வளவும் கட்டட வேலை மணல்."

"தெரிஞ்சுமா சர்டிபிகேட் குடுத்தீங்க?"

"என் கையில இருக்கறது மூணு தெருவுக்குக் கொட்டற நல்ல மண்ணு. பட்டியல்ல இருக்கறது ஆறு தெரு. எந்த மூணை விடறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க தெருவே வேண்டாம்னு சொன்னா, நான் எதுக்கும்மா வலிய வந்து தோண்டணும்?"

அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. "நாங்க வேண்டாம்னு சொல்லலை. திரும்பவும் மண்ணு எடுங்க. இப்பவே கொண்டுவர்றேன்."

"வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க கையெழுத்துப் போட்டுக் கேக்கணும்."

வீடு மாமியார் பெயரில் இருந்தது. மாமியார் கைநாட்டு வைத்துக் கேட்பாளா? வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வரும்போதா?

"சரி, என் குழந்தை ரத்தத்தையாவது பாருங்க."

"அதுக்கு அப்பா கையெழுத்து வேணும்."

"பெத்தவ நான் இங்க நிக்கறேனே சார்!"

"படிவத்துல 'தந்தை கையொப்பம்'னுதான் போட்டிருக்கு. நானா அச்சடிச்சேன்?" என்று அவர் எரிந்து விழுந்தார். பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. பத்து வருஷத்துக்கு மேல அந்த வீட்டுல இருக்கிற பெரியவங்க யாராவது தானா வந்து ரத்தம் குடுத்து, அதுல ஈயம் மிஞ்சியிருந்தா, யார் கையெழுத்தும் இல்லாமலே அந்த வீட்டை நாங்க திட்டத்துல எடுத்தாகணும். விதி அது. நீங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"அஞ்சு."

"அப்போ உங்க ரத்தம் செல்லாது. யாரையாவது கூட்டிட்டு வாங்க. வியாழக்கிழமை நாலு மணிக்குப் பட்டியலை முடிச்சுட்டு ஆபீசைக் காலி பண்றோம்."

ஐந்து வருஷமாக அந்த வீட்டுக்கு உழைத்த ரத்தம் செல்லாதாம். அதைக் கேட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

தெருமுனையில் பால்காரம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் உங்க கொல்லையில எடுத்த மண்ணு ஆபீசுக்குப் போய்ச் சேரலை. யாரோ எல்லா டப்பாவையும் கொட்டிட்டு மணலை நிரப்பியிருக்காங்க."

பால்காரம்மா அதிர்ச்சி அடையவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரர் உன்கிட்ட சொல்லவே இல்லையா?" என்றாள்.

"எதை?"

"அட, என்ன நீ! தெரு ஆம்பளைங்க எல்லாரும் கூடித்தானே முடிவு பண்ணாங்க. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கே. சுவத்துல வட்டம் போட்டா அவளுங்களை யார் கட்டுவா? நீ நல்ல மனசோட வந்து தோண்டினே. உன் மனசைக் கெடுக்க வேண்டாம்னு நாங்களும் பேசாம டீயைக் குடுத்தோம்." சொல்லிவிட்டு அவள் தோளைத் தொட்டாள். "கோவிச்சுக்காதே. எல்லாம் நம்ம பிள்ளைங்களுக்காகத்தான்."

நாற்பது வீட்டிலும் தெரிந்திருக்கிறது! அவள் குனிந்து தோண்டியபோது பின்னால் நின்று நாற்பது வீடும் சிரித்திருக்கிறது. எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் கணவன் வந்து குழாயடியில் கை கழுவும்வரை பொறுத்தாள்.

"என்னங்க, டப்பாவையெல்லாம் எங்க கொட்டினீங்க?"

அவன் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் சோப்பை இன்னும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டான். "யார் சொன்னா?"

"யார் சொல்லலைன்னு கேளுங்க. தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் கேனச்சி."

"பள்ளிக்கூடத்துச் சுவர் கட்ட மணல் கொட்டியிருக்காங்கல்ல, அங்கேதான். சும்மா இல்லை. ஒவ்வொரு மூடியா திறந்து, நீ ஒட்டின லேபிள் கிழியாம, துடைச்சு, நிரப்பி... அரை நாள் வேலை. முதுகு விட்டுப்போச்சு." அவள் அதற்காகப் பரிதாபப்படுவாள் என்று நினைத்தானோ என்னவோ, இடுப்பைப் பிடித்துக் காட்டினான்.

"ஊரார் டப்பாவை விடுங்க. நம்ம டப்பாவை மட்டுமாவது விட்டிருக்கக் கூடாதா? குட்டி உட்கார்ற இடத்துல நானே என் கையால அள்ளின மண்ணுங்க அது!"

"நம்ம டப்பாவைத்தான் முதல்ல கொட்டினேன். தங்கச்சி கல்யாணத்துக்குத்தானே இத்தனை பாடும்?"

அவள் படிவத்தை நீட்டினாள். "சரி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. குழந்தைக்கு ரத்தம் பார்க்கணும்."

"ரத்தத்துல இருக்குன்னு தெரிஞ்சா சுவத்துல வட்டம் போட்டுடுவான். உனக்கு மூளை இருக்கா? ஆறு மாசம் பொறு. கல்யாணம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் காட்டு."

"ஆறு மாசமா? வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல ஆபீஸ் இருக்காது, லாரி இருக்காது. உங்க பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தறது மட்டும் இருக்கும். கையெழுத்துப் போட மாட்டீங்கன்னா, பத்து வருஷத்துக்கு மேல இங்க இருக்கிற நீங்க வந்து ரத்தம் குடுங்க, அதுவே போதுமாம்."

"கத்தாதே. அம்மா காதுல விழும்" என்றான் அவன். அம்மா காதில் விழாமல் என்ன? அம்மா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். சமையலறை வரைக்கும் கேட்டிருக்கும்.

டெய்லரக்கா சமையலறைக்குள் போனாள். நாத்தனார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயது, மருந்துக்கடையில் பில் போடும் வேலை. அண்ணி, அண்ணி என்று இழைகிறவள். குட்டியைப் பாதி நாள் தன் மடியில் போட்டுத் தூங்க வைப்பவளும் அவள்தான்.

"உனக்கும் தெரியுமா?"

நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. குழாய்த் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "தெரியும் அண்ணி" என்றாள்.

டெய்லரக்கா திரும்பி முன்னறைக்கு வந்துவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே ஒருத்தியும் போய்விட்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை எலெக்ட்ரீஷியன், ஆற்றங்கரைத் தெருக்காரன். கூட அவன் அப்பாவும் அம்மாவும். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். மெஷினுக்குக் கீழே பாயில் குட்டி சுருண்டு படுத்திருந்தது. டீ வந்தது. சர்டிபிகேட்டும் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"எங்களுக்கு இது ஒண்ணு போதும். நகை நட்டுன்னு வாயைத் திறக்க மாட்டோம்" என்றாள். பிறகு டெய்லரக்கா பக்கம் திரும்பினாள். "தெருவுக்கே டப்பா குடுத்து மண்ணு எடுத்தது நீதானாமே? நீ ஒரு வார்த்தை சொல்லிடும்மா, மனசு நிம்மதியாயிடும்."

மாமியாரின் பார்வை அவளைச் சுட்டது. கணவன் மறுபடியும் சுவரைப் பார்த்தான். பாயில் குட்டி தூக்கத்திலேயே வயிற்றை அழுத்திக்கொண்டு முனகியது.

"அது எங்க வீட்டு மண்ணு இல்லைங்க" என்றாள் டெய்லரக்கா. "பள்ளிக்கூடத்து மணல். எங்க கொல்லை மண்ணைக் கொட்டிட்டு அதை நிரப்பிக் குடுத்தாங்க. எங்க மண்ணுல விஷம் இருக்கு. என் பொண்ணைப் பார்த்தாலே தெரியும்."

மாமியாரின் முகம் செத்துப்போயிற்று. எல்லாம் முடிந்தது, எழுந்து போகப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா தன் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். திடீரென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அட, இதுக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்துப் போறீங்க? எங்க வீட்டு டப்பாவுல இருந்தது ஆத்து மணல்! இவரே விடியக்காலையில போய் அள்ளிட்டு வந்தாரு. எங்க கொல்லையிலும் இவரு பன்னெண்டு வருஷம் சட்டி வச்சவருதானே."

முதலில் மாமியார் சிரித்தாள். பிறகு கணவன். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். இறுக்கிக் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி அப்படி ஒரு சிரிப்பு.

"ரெண்டு வீட்டுலயும் பேப்பர் சுத்தமா இருக்கு. ஊர் வாயை மூட அது போதாதா? ஒருத்தருக்கொருத்தர் குறை சொல்லிக்கவும் முடியாது. இதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்?" என்ற மாப்பிள்ளையின் அம்மா, டெய்லரக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "மனசுல ஒண்ணும் வச்சுக்கத் தெரியாத பொண்ணு. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. உண்மையைச் சொன்னால் வீடு இடிந்து விழும் என்று பயந்துகொண்டே சொன்னாள். இவர்கள் அதையும் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா நாட்காட்டியைப் பார்த்து ஒரு தேதி சொன்னார். மாமியார் சரி என்றாள். அப்போது கதவருகே நின்றிருந்த நாத்தனார் பேசினாள். மாப்பிள்ளையைப் பார்த்து நேராகவே கேட்டாள்.

"அங்கேயும் இதே மண்ணுன்னா, எனக்குப் பொறக்கற குழந்தை எங்கேங்க விளையாடும்?"

மாப்பிள்ளை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"மாடி இருக்கேம்மா. மாடியில விளையாடிட்டுப் போகுது" என்றாள் அவன் அம்மா. அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

"உள்ளே போடி. பெரியவங்க பேசிட்டு இருக்கோம்ல?" என்றாள் மாமியார்.

நாத்தனார் உள்ளே போகவில்லை. நேராக மெஷினடிக்கு வந்து குனிந்து, குட்டியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அண்ணி, ஆபீஸ் நாலு மணி வரைக்கும்தானே?"

டெய்லரக்கா தலையை ஆட்டினாள்.

"செருப்பைப் போடுங்க. கையெழுத்துப் போட எனக்கு யார் தயவும் வேண்டாம். நான் பொறந்ததுலேருந்து இந்த வீட்டுலதான் இருக்கேன்."

"எங்கேடி போறே?" என்று மாமியார் எழுந்தாள்.

"ரத்தம் குடுக்க."

அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "உனக்காகத்தானே அத்தனை டப்பாவையும் கொட்டினேன்! என் மானத்தை வாங்கறியா?"

"என்னைக் கேட்டா கொட்டினே?" என்றாள் தங்கை. "தெரிஞ்சும் நான் வாயை மூடிட்டு இருந்தேன். அது என் தப்பு. வழியை விடு." வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் விலகினான்.

இரண்டு பேரும் குட்டியோடு தெருவில் இறங்கி நடந்தார்கள். பால்காரம்மா வாசலில் நின்று, "என்ன, நல்ல சேதிதானா?" என்று கேட்டாள். அவர்கள் நிற்காமல் தாண்டிப் போனார்கள். வழியெல்லாம் டெய்லரக்கா ஏதோ கேட்க நினைத்தாள். போன தடவை நம்பி ஏமாந்த பயம் விடவில்லை. பாதியில் இவள் மனசு மாறித் திரும்பிவிட்டால்? நாத்தனாரின் நடையையே பார்த்தபடி பின்னால் போனாள்.

ஆபீசில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அலுப்போடு பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தாள். நாத்தனார் குட்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் புதுச்சட்டையின் கையை மடித்து நீட்டினாள். ஊசி இறங்கியபோது முகத்தைச் சுளிக்கவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. மண் ஆபீசர் வாசலில் நின்று பார்த்தார். லாரிக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நர்ஸ் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.

"வயசு?"

"இருபத்துநாலு."

"இந்த வீட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"இருபத்துநாலு."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

நாத்தனார் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஒரு கணம் யோசித்தாள்.

"அரை மணி நேரத்துக்கு முன்னாடி தேதி குறிச்சாங்க" என்றாள். "நீங்க இல்லைன்னே எழுதிக்குங்க."